மனதில் பட்டதை எழுதலாம். வம்பு எந்த வரியில் வருகிறது?

கேள்வி: சேலத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பார்த்த சினிமா, சாப்பிட்ட ஹோட்டல், எங்கள் தெரு ரோடு, அரசியல் என்று மனதில் பட்டதையெல்லாம் ஃபேஸ்புக்கில் எழுதுவது வழக்கம். இப்போது மூன்று பதிவுகளால் தூக்கம் போய்விட்டது. ஏற்காட்டில் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு, "பழைய மீனைப் பொரித்துக் கொடுத்து டூரிஸ்டுகளை ஏமாற்றும் கலப்படக் கும்பல்" என்று எழுதினேன். 7 நாளில் மன்னிப்பும் 10 லட்சம் நஷ்டஈடும் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. "எங்க வார்டு கவுன்சிலர் ரோடு காண்ட்ராக்டில் கமிஷன் அடித்துவிட்டார்" என்று எழுதியதற்கு ஸ்டேஷனிலிருந்து போன் செய்து வரச் சொல்கிறார்கள். ஒரு படம் பிடிக்கவில்லை என்று எழுதி, தியேட்டரில் எடுத்த சின்ன வீடியோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். அந்த நடிகரின் ரசிகர்கள் அசிங்கமாகத் திட்டுகிறார்கள். "எல்லாவற்றையும் அழித்துவிட்டு இனி எழுதாமல் இருங்கள்" என்கிறார் தலைமை ஆசிரியர். வாயை மூடிக்கொள்வதுதான் வழியா?
- பெயர் வேண்டாம், அஸ்தம்பட்டி

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் ஒன்று. இன்று எதையும் அழிக்காதீர்கள். நோட்டீஸ் வந்த பிறகு, போலீஸ் கூப்பிட்ட பிறகு பதிவை அழித்தால் "சாட்சியத்தை மறைத்தார்" என்ற புதுப் புகாருக்கு நீங்களே வழி செய்து கொடுத்ததாகும். மின்னணுப் பதிவை வேண்டுமென்றே அழிப்பதற்கு இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 241-ஆவது பிரிவில் 3 வருடம் வரை சிறை இருக்கிறது. அதோடு, உங்களுக்குச் சாதகமான வரிகளும் கமெண்டுகளும் அதே பதிவில்தான் இருக்கும். எதிராளி தனக்கு வேண்டிய வரியை மட்டும் வெட்டி ஸ்கிரீன்ஷாட் வைத்திருப்பார். முழுப் பதிவு உங்களிடம் இல்லையென்றால் அதுவே முழுப் பதிவு என்றாகிவிடும்.

எனவே மூன்று பதிவுகளையும் தேதி, நேரம், இணைய முகவரி, கமெண்டுகள் தெரியும்படி தனித்தனியாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அவற்றை மெயிலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். பிறகு பதிவைத் திறந்து, பார்ப்பவர்கள் என்ற இடத்தில் "நான் மட்டும்" என்று மாற்றிவிடுங்கள். பதிவு இருக்கும், ஊர் பார்க்காது. வழக்கு முடியும்வரை அந்த போனை எக்ஸ்சேஞ்சில் போடவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டை கோர்ட்டில் தாக்கல் செய்யும்போது சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாட்சிய அதிநியம், 2023) 63-ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் சேர்க்க வேண்டும். அதில் எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்ற விவரம் கேட்பார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாயை மூட வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பிய மூன்று பதிவுகளையும் வரி வரியாகப் படித்தேன். பத்தில் ஒன்பது வரி கருத்து. சட்டம் அதைத் தொடாது. "பிடிக்கவில்லை", "மோசம்", "கேவலம்", "அநியாய விலை" எல்லாம் உங்கள் உரிமை. அரசியல் சாசனத்தின் 19(1)(அ) அதற்குத்தான் இருக்கிறது. வம்பு வருவது அந்தப் பத்தாவது வரியால். கருத்து மாதிரி தொனிக்கும், ஆனால் உள்ளே ஒரு தகவலைச் சொல்லிவிடும். "கலப்படக் கும்பல்", "கமிஷன் அடித்துவிட்டார்" இரண்டும் அந்த ரகம். கோபத்தில் எழுதும்போது இந்த வரிதான் கடைசியாக, உணர்ச்சி உச்சத்தில் வந்து விழுகிறது. அதை நிரூபிக்கும் பொறுப்பும் அத்தோடு உங்கள் தலையில் வந்து விழுகிறது.

ஹோட்டல் பதிவை எடுத்துக்கொள்வோம். "பழைய மீன்" என்பது நாக்கும் மூக்கும் சொன்ன முடிவு. எதனால் அப்படித் தோன்றியது என்று எழுதியிருந்தால் அது கருத்தாகவே நிற்கும். "டூரிஸ்டுகளை ஏமாற்றும்" என்றால் தெரிந்தே செய்கிறார்கள் என்று பொருள். அவர்கள் மனதில் இருந்ததை நீங்கள் எப்படி நிரூபிப்பீர்கள்? "கலப்படம்" 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தண்டனைக்குப் போகக்கூடிய குற்றச்சாட்டு. அதைச் சொல்ல ஆய்வுக்கூட அறிக்கை கையில் வேண்டும். அன்றைய சாப்பாட்டை இப்படி எழுதியிருக்கலாம்:

"ஞாயிறு மதியம் 2 மணிக்குப் போனோம். வஞ்சிரம் வறுவல் 2 துண்டு. ஒரு துண்டு விரல் வைத்ததும் மாவாக உதிர்ந்தது, புளித்த வாடை வந்தது. சர்வரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மாற்றித் தரவில்லை, பில்லில் குறைக்கவும் இல்லை. எனக்கு அது பழைய மீனாகத்தான் பட்டது. அந்த விலைக்கு இது அநியாயம். நான் இனி போக மாட்டேன்."

இதில் ஒரு சொல்லைக்கூட மென்மையாக்கவில்லை என்பதைப் பாருங்கள். படிப்பவருக்கு இது முதல் பதிவைவிட உறைக்கும். கோர்ட்டில் நிற்கவும் நிற்கும், ஏனென்றால் ஒவ்வொரு வரிக்கும் பில், போட்டோ, கூட வந்தவர்கள் என்று ஆதாரம் இருக்கிறது. உண்மையிலேயே கலப்படம் என்று சந்தேகம் இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்குங்கள். வாங்கியவரே கட்டணம் கட்டி உணவைப் பரிசோதிக்க அந்தச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு இடம் தருகிறது. சேலத்திலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. அறிக்கை வந்தபின், "இந்தத் தேதி மாதிரி தரம் குறைந்தது என்று அறிக்கை சொல்கிறது" என்று தாராளமாக எழுதலாம்.

நோட்டீஸைக் கண்டு பயப்பட வேண்டாம். 7 நாள் என்பது அந்த வக்கீல் வைத்த கெடு, சட்டம் வைத்ததல்ல. 10 லட்சம் கேட்டு சிவில் வழக்குப் போட வேண்டுமானால் தமிழ்நாட்டில் 3 சதவீதம், அதாவது 30,000 ரூபாய் கோர்ட் கட்டணம் அவர்கள் முதலில் கட்ட வேண்டும். பதிவு வெளியான நாளிலிருந்து 1 வருடத்துக்குள் தொடுக்கவும் வேண்டும். பெரிய தொகை போட்டு வரும் நோட்டீஸ்களில் பல பயமுறுத்தலோடு நின்றுவிடுவதற்கு இது ஒரு காரணம். ஆனாலும் பதில் போடாமல் விடுவது தப்பு. "நோட்டீஸ் கிடைத்தும் மௌனமாக இருந்தார்" என்று பிறகு எழுதுவார்கள். வக்கீல் மூலம் ஒரு பக்கப் பதில் போதும்: சாப்பிட்ட அனுபவம் உண்மை, பில் இருக்கிறது, கருத்தில் மாற்றமில்லை; "கலப்படக் கும்பல்" என்ற சொல்லை மட்டும் திரும்பப் பெறுகிறேன். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதே திருத்தத்தை ஃபேஸ்புக்கிலும் இரண்டு வரியில் போடுங்கள். அவர்கள் எழுதி அனுப்பியிருக்கும் "நிபந்தனையற்ற மன்னிப்பு" வாசகத்தை அப்படியே போட்டுவிடாதீர்கள். அதில் நீங்கள் பொய் சொன்னதாக ஒப்புக்கொள்ளும் வரி ஒளிந்திருக்கும். நாளை நஷ்டஈட்டு வழக்கில் அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலரும் சறுக்கும் இடம். "உண்மையைத்தானே சொன்னேன்" என்பது சிவில் வழக்கில் முழு பதில். கிரிமினல் அவதூறில், அதாவது பி.என்.எஸ். 356-இல், உண்மை மட்டும் போதாது. அதைச் சொன்னதில் பொது நன்மை இருந்தது என்றும் காட்ட வேண்டும். அந்தப் பிரிவில் தண்டனை 2 வருடம் வரை வெறுங்காவல், அபராதம் அல்லது சமூக சேவை. அதற்கே பத்து விதிவிலக்குகளும் உண்டு. பொது ஊழியர் தன் வேலையில் நடந்துகொண்ட விதம், பொதுப் பிரச்சினையில் ஒருவர் நடந்துகொண்ட விதம், மக்கள் முன் வைக்கப்பட்ட கலைப்படைப்பின் தரம் ஆகியவற்றைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொன்ன கருத்து குற்றமாகாது.

இதை வைத்துக்கொண்டு கவுன்சிலர் பதிவுக்குப் போவோம். 1994-இல் ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு பொது விஷயம் எழுதும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆட்டோ சங்கரின் சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிடுவது பற்றிய வழக்கு அது. (சங்கர் அடுத்த ஏப்ரலில் நம் சேலம் மத்திய சிறையில்தான் தூக்கிலிடப்பட்டார்.) அரசாங்கமோ மாநகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்போ தன்னை அவதூறு செய்ததாக நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. பதவியில் இருப்பவர் தன் பதவிக்கடமை பற்றி எழுதியதற்கு நஷ்டஈடு கேட்டால், எழுதியது பொய் என்பதோடு, உண்மையா என்று கொஞ்சமும் பார்க்காமல் எழுதினார் என்றும் அவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆக "மாநகராட்சி தூங்குகிறது", "கவுன்சிலர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை" என்றெல்லாம் நெஞ்சை நிமிர்த்தி எழுதலாம். "கமிஷன் அடித்துவிட்டார்" என்பது லஞ்சக் குற்றச்சாட்டு. கேள்விக்குறி போட்டு "கமிஷனா?" என்று எழுதினாலும், "ஊரில் பேசிக்கொள்கிறார்கள்" என்று முடித்தாலும், பெயரைச் சொல்லாமல் ஜாடையாகச் சொன்னாலும் பாதுகாப்பு இல்லை. "எங்க வார்டு கவுன்சிலர்" என்றால் அது ஒரே ஒருவர்தான். பெயர் எழுதியதற்குச் சமம்.

ஸ்டேஷன் விஷயம். அவதூறு, போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய குற்றமில்லை. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனிப்புகார் கொடுக்க வேண்டும். எனவே போனில் கூப்பிடுபவரிடம் மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள்: மனு யார் கொடுத்தது, சி.எஸ்.ஆர். எண் (மனுவைப் பெற்றதற்கு ஸ்டேஷன் தரும் ரசீது எண்) என்ன, எந்தப் பிரிவில் விசாரணை. பதிலை நேரத்தோடு குறித்து வையுங்கள். "எழுத்தில் சம்மன் கொடுங்கள், வக்கீலோடு ஒத்துழைக்கிறேன்" என்று சொல்லுங்கள். சாட்சியாக விசாரிப்பதானால் பெண்களை வீட்டைத் தவிர வேறு இடத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 179-ஆவது பிரிவு சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவராக, அதே சட்டத்தின் 35(3) பிரிவில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போங்கள். அதற்குக் கட்டுப்பட்டு நடக்கிறவரை, காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்ய முடியாது. அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் சொல்லியிருக்கிறது. போனைக் கேட்டால் பறிமுதல் மகஜர் எழுதி, அதன் நகலை வாங்காமல் கொடுக்க வேண்டாம். பெண் என்பதால் வருமான வரம்பு பார்க்காமல் உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100-க்கும் அழைக்கலாம்.

ஸ்டேஷனிலோ தாலுகா ஆபீசிலோ உட்கார வைத்து "சமாதானமாகப் போய்விடலாம், இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். அங்கேயே போடாதீர்கள். முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்து இப்போது நாமக்கல்லில் இருக்கும் திருச்செங்கோட்டை ஒட்டி எழுந்த, எழுத்தாளர் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் விவகாரம் நினைவிருக்கும். 2015 ஜனவரியில் அதிகாரிகள் முன்னிலையில் அவரிடம் எழுதி வாங்கிய உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அதற்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. கையெழுத்துப் போடும் முன் "வக்கீலிடம் காட்டிவிட்டு வருகிறேன்" என்ற ஒரு வாக்கியம் அந்த அலைச்சலை மிச்சப்படுத்தும்.

சினிமா பதிவில் விமர்சனத்தால் பயமே இல்லை. டிக்கெட் வாங்கிப் பார்த்த படத்தை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எழுதுங்கள். ரிலீசான முதல் 3 நாள் விமர்சனமே கூடாது என்று தயாரிப்பாளர் தரப்பு கேட்டபோதும் 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையைத் தர மறுத்தது. உங்கள் மூன்று பதிவுகளில் எனக்கு உண்மையில் கவலை தருவது அந்த தியேட்டர் வீடியோதான். அனுமதியில்லாமல் தியேட்டரில் படத்தைப் பதிவு செய்வதற்கு 2023-இல் திருத்தப்பட்ட சினிமாட்டோகிராஃப் சட்டத்தில் குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 வருடம் சிறை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்குகிறது. டைட்டில் கார்டோ இன்டர்வல் சீனோ, எல்லாம் பதிவுதான். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானாகப் போயிருக்கும். யாருக்கும் மறுபடி அனுப்பாதீர்கள், கேட்கிறவர்களுக்கும் தராதீர்கள். வக்கீலிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். படம் வேண்டுமென்றால் தயாரிப்பாளரே வெளியிட்ட போஸ்டரை விமர்சனத்தோடு போட்டால் போதும். திட்டுகிற ரசிகர்களுக்குப் பதில் எழுதிச் சூட்டைக் கூட்ட வேண்டாம். ஒவ்வொரு கமெண்டையும் அந்தக் கணக்கின் முகவரியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு பிளாக் செய்யுங்கள். பெண் என்பதை வைத்து ஆபாசமாகப் பேசியவை பி.என்.எஸ். 79-இல் வரும், மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் புகாராகப் பதியலாம்.

அரசியல் மட்டும் உங்கள் வேலையால் வேறு கணக்கு. இதை இனிப்புத் தடவிச் சொல்ல மாட்டேன். 1973-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் உங்களுக்குப் பொருந்தும். கட்சியில் சேர முடியாது, ஓட்டுக் கேட்க முடியாது, அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிக்கவும் தடை. மீறினால் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(ஏ) அல்லது 17(பி) மெமோ வரும். பக்கத்து வீட்டுக்காரர் எழுதலாம், நீங்கள் எழுத முடியாது என்பது எனக்கும் நெருடலாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைய நிலை அதுதான். "இந்தத் திட்டம் வீண்", "இந்த ஆட்சிக்கு ஓட்டுப் போடாதீர்கள்" என்பவை வேண்டாம். தேர்தல் பணியில் உங்கள் தபால் ஓட்டைப் படமெடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். வாக்கு ரகசியத்தை மீறியதாக வேலைக்கே வினையாகும். பொதுவான வரலாறு, சட்டமன்றம் எப்படி நடக்கிறது, ஒரு சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்கி எழுதுவது வேறு. உங்கள் தெருவின் குடியிருப்பாளராக ரோட்டைப் பற்றிப் புகார் சொல்வதும் வேறு. தலைமை ஆசிரியர் வாயால் சொன்னதற்கு நீங்களும் வாயால் "கவனமாக இருக்கிறேன் சார்" என்றால் போதும். மெமோவாக வந்தால் மட்டும் அதில் போட்டிருக்கும் நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள்.

ஆசிரியர் வாட்ஸ்அப் குரூப்பில் மேலதிகாரிகளைப் பற்றிப் புலம்பினால்? சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு கிராம வங்கியின் ஊழியர் தனிப்பட்ட குரூப்பில் அப்படிப் போட்டதற்கு வந்த சார்ஜ் மெமோவை சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2023-இல் ரத்து செய்தது. புலம்புவதற்கும் ஊழியருக்கு உரிமை உண்டு என்ற பார்வையில் வந்த தீர்ப்பு. ஆனால் அது மூடிய குரூப். அதே வரியை ஃபேஸ்புக்கில் பொதுவில் போட்டால் இந்தத் தீர்ப்பு கைகொடுக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஃபார்வர்டு பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்ல வேண்டும். "நான் எழுதலையே, வந்ததை அனுப்பினேன்" என்பது எடுபடாது. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றி வேறொருவர் எழுதியதை 2018-இல் பகிர்ந்த ஒரு பிரபலத்தின் வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றமும், 2023-இல் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டன. சாதி, மதம் பற்றிய ஃபார்வர்டில் இன்னும் கவனம் வேண்டும். பி.என்.எஸ். 196, 299 இரண்டிலும் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடலாம், ஜாமீனும் தானாகக் கிடைக்காது. நம்பிக்கையைக் கேள்வி கேட்பது ஒன்று. ஒரு ஜனத்தையே இழிவுபடுத்தும் சொல் வேறு. மாணவர்களைப் பற்றி மட்டும், பெயர் இல்லாமல்கூட, எதுவும் எழுதாதீர்கள். பிரச்சினையில் சிக்கிய பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் சட்டம் பொறுக்காது, பொறுக்கவும் கூடாது.

கடைசியாக, அந்த ரோடு. அதை விட்டுவிடாதீர்கள். கமிஷன் என்று எழுதியது உங்களுக்கு எதிராகத் திரும்பியதே தவிர, பெயர்ந்து கிடக்கும் ஜல்லி பெயர்ந்தே கிடக்கிறது. மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் (ஆர்.டி.ஐ.) மனு போடுங்கள். கேட்க வேண்டியவை: அந்தத் தெருவுக்கான எஸ்டிமேட், வொர்க் ஆர்டர், பணி முடித்த தேதி, எம்-புக் (வேலையின் அளவுகளைக் குறிக்கும் பதிவேடு) பக்கங்களின் நகல், கொடுத்த பில் தொகை, பழுதானால் காண்ட்ராக்டரே சரிசெய்ய வேண்டிய காலம் எவ்வளவு. "ஏன் தரமாகப் போடவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, ஆர்.டி.ஐ.யில் காகிதத்தைத்தான் கேட்க வேண்டும். சட்டத்தின் 2(ஜே) பிரிவில் பணியை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரி எடுக்கவும்கூட உரிமை இருக்கிறது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. எம்-புக்கில் தார் இத்தனை மில்லிமீட்டர் என்று இருந்து, பெயர்ந்த இடத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோவில் அதில் பாதிதான் தெரிகிறது என்றால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போடுங்கள். கமிஷன் என்ற சொல் தேவைப்படாது.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது நோட்டீஸை அது வந்த கவரோடு கொண்டுபோங்கள். தபால் முத்திரைத் தேதி வேண்டும். ஹோட்டல் பில் தொலைந்திருந்தால் ஜிபே கணக்கில் அன்றைய பணப் பரிமாற்றத்தை எடுத்து பிரின்ட் போட்டுக்கொள்ளுங்கள்.